பிரம்பு வளைக்கும்போது ஏன் பிளக்கிறது?

டிசைன் வகுப்பில் நாற்காலி செய்ய எடுத்த தடிமனான பிரம்பு, தண்ணீரில் ஊறவைத்தும் பிளந்துவிட்டது என்கிறீர்கள். ஊறல் மெல்லிய பின்னல் நாருக்குப் போதும். கட்டைவிரல் பருமனுக்குப் போதாது. மூங்கில் உள்ளே வெற்று, பிரம்போ உள்வரை கெட்டி. அரை மணி நேரம் ஆவி காட்டினால் நார்களைப் பிடித்திருக்கும் லிக்னின் இளகும். எடுத்த கையோடு அச்சில் வளைத்துக் கட்டிவிடுங்கள், ஆறினால் அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்த பிறகே அவிழ்க்க வேண்டும். அப்போதும் கொஞ்சம் நிமிரும், அதனால் முதலிலேயே சற்றுக் கூடுதலாக வளைத்துவிடுங்கள். தீ காட்டியும் வளைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் காட்டினால் கரித்தழும்பு விழும் (எனக்கு அதுவும் பிடிக்கும்). அப்புறம், இத்தாலியின் ஃபிராங்கோ அல்பினி 1951இல் வடிவமைத்த மார்கெரிட்டா நாற்காலியின் படத்தைத் தேடிப் பாருங்கள். முழுக்க வளைந்த பிரம்புதான்.