மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் வீட்டு உடற்பயிற்சி குறித்து

வணக்கம். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் பயிற்சி செய்யத் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது என்றும், உட்கார்ந்து எழும்போது முழங்கால் வலிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு மன உறுதி குறைவு என்று நான் கருதவில்லை. தொடக்க அளவுதான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நாள்தோறும் இருபது நிமிடத்திற்குச் சற்று மேல் செய்தாலே அதன் கீழ்வரம்பை எட்டிவிடலாம்.

என்னைப் பொறுத்தவரை, கடிகாரத்தை நம்பாமல், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு பயிற்சியை இணைத்ததே பழக்கத்தை நிலைக்கச் செய்தது. மாலையில் வீடு திரும்பி முகம் கழுவியதும், காபி குடிப்பதற்கு முன்பே பாயை விரித்துவிடுவேன்.

முழங்காலுக்காக, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதங்களை இடுப்பளவு அகட்டி, கைகளை முன்னே நீட்டி, மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்கி, இருக்கையைத் தொட்டதும் எழுந்து பாருங்கள். அதுவும் கடினமானால் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை ஒன்றை வையுங்கள். மறுநாள் தொடைத் தசையில் தோன்றும் வலி இயல்பானது, சில நாளில் தணியும். மூட்டு வீங்கினாலோ சுருக்கென்று குத்தினாலோ நிறுத்திவிட்டு, தயங்காமல் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாள் விடுபட்டால், தயவுசெய்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள்.