தெருவுக்கே லட்டு கொடுத்தாகிவிட்டது, எனக்குத்தான் அழுகை வருகிறது

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 23. ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். போன வருஷம் பி.இ. எலெக்ட்ரிகல் முடித்தேன். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் கடையில் போய் உட்கார்ந்து அவர் செம்புக் கம்பி சுற்றுவதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. கேம்பஸில் ஒரு சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. எம்.டெக். படிக்க வேண்டும் என்று அதற்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்து கேட் தேர்வுக்குப் படித்தேன். ஆன்லைன் வகுப்புக்குக் கட்டிய பணம், அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன்.

பிப்ரவரியில் புதுச்சேரிக்குப் போய் எழுதினேன். பாதி நேரம் வரை நன்றாகவே போனது. அப்புறம் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு நேரத்தை விட்டுவிட்டேன். கடைசி அரை மணியில், திரையில் இருக்கிற கால்குலேட்டரில் எண்ணை அழுத்தக்கூட முடியாமல் கை நடுங்கியது. தெரியாத கேள்விகளுக்கெல்லாம் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வந்தேன். மார்ச்சில் ரிசல்ட் வந்தது. ஸ்கோர் 412. மாதிரித் தேர்வுகளில் எனக்கு 600க்கு மேல் வந்துகொண்டிருந்தது. இந்த ஸ்கோருக்கு நான் ஆசைப்பட்ட ஐஐடி எதுவும் கிடைக்காது, திருச்சி என்ஐடியும் கிடைக்காது.

இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ரிசல்ட் பார்த்தபோது அப்பா பக்கத்தில் நின்றார். "பாஸாம்மா?" என்று கேட்டார். "குவாலிஃபை ஆயிட்டேன்பா" என்றேன். அடுத்த வார்த்தையை நான் சொல்வதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே தெரு முழுக்க லட்டு. ஆயா பாடலீஸ்வரர் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். பண்ருட்டி மாமா வந்து கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போனார். கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு ஐஐடிக்குப் போகுது" என்று அப்பா சொல்கிறார். எனக்கு வாய் திறக்கவே முடியவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடுகிறது. ஸ்கோர் கார்டை இன்னும் டவுன்லோடு செய்யவில்லை. அந்த இணையதளத்தின் பெயரைப் பார்த்தாலே வயிறு பிசைகிறது. கூடப் படித்தவள் 700க்கு மேல் எடுத்து, எந்த ஐஐடியில் சேரலாம் என்று குரூப்பில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குரூப்பை மியூட் செய்துவிட்டேன். ராத்திரி படுத்தால் அந்தக் கேள்விகளே வருகின்றன, விட்ட கணக்கை மறுபடி மறுபடி போடுகிறேன். சில நாள் காலையில் கண்ணே விழிக்க வேண்டாம் என்று இருக்கிறது. அம்மா மட்டும், "ஏன்டி முகம் ஒரு மாதிரியா இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டுமா?

பெயர் வேண்டாம், கடலூர்.

*

வணக்கம்மா.

கண்ணே விழிக்க வேண்டாம் என்று இருக்கிறது என ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பேன்: இது களைப்பா, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால்தான் மனசின் பாரம் கொஞ்சம் இறங்கும். இரண்டாவதுதான் என்றாலோ, எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றாலோ, மீதிப் பதிலை அப்புறம் படிக்கலாம், முதலில் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அம்மாவுக்கும் அன்றைக்கே தெரியட்டும். களைப்புதான் என்றாலும், தூக்கம் கெட்டு ஒரு மாதம் ஆகிறது, அதுவே ஒருவரிடம் காட்டப் போதுமான காரணம். உங்களுக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இனி ஸ்கோருக்கு வருவோம். ரிசல்ட் காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும். பெரும்பாலும் வீட்டில் திட்டுகிறார்கள், அத்தை பெண்ணோடு ஒப்பிடுகிறார்கள் என்றுதான் இருக்கும். உங்களை யாரும் திட்டவில்லை, மெச்சுகிறார்கள். அதுதான் இன்னும் கஷ்டம். தோற்றவளுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஜெயித்துவிட்டாள் என்று ஊர் நம்புகிற பெண்ணுக்கு அழக்கூட இடம் கிடையாது. ஒரு வருஷம் ஒன்றை நினைத்தே உட்கார்ந்து படித்தீர்கள், அது கைக்கு வரவில்லை, அதற்காக அழவும் இல்லை. நடுவில் வருகிறவர்களுக்கு லட்டுத் தட்டையும் நீட்டியிருப்பீர்கள். ராத்திரி வந்து நிற்கிற கேள்விகளில் பாதி, பகலில் அழாத அழுகைதான்.

ஆனால் ஒன்று, அப்பா முழுக்கத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. 412 என்றதும் ஆயிரத்துக்கு 412, அதாவது நூற்றுக்கு நாற்பத்தொன்று என்று உங்கள் மனசும் சேர்ந்து கணக்குப் போட்டுவிடுகிறது. கேட் ஸ்கோர் சதவீதம் இல்லை. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண்ணை 350 என்றும், முதல் 0.1 சதவீதம் பேரின் சராசரியை 900 என்றும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அந்த அளவில் நிறுத்துகிறார்கள். நீங்கள் தகுதிக்கோட்டைத் தாண்டியவர். அதற்கு மதிப்பும் இருக்கிறது. கேட் தகுதியோடு, ஏஐசிடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதங்களுக்கு வாங்கலாம். மகளிர் குழுக் கடன் உள்ள வீட்டில் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஸ்கோரும் மூன்று வருஷம் செல்லும்.

அப்பாவுக்குத் தெரியாதது, தகுதி வேறு சீட் வேறு என்பது மட்டும்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் பாஸானவருக்கெல்லாம் வேலை கிடைத்துவிடாது என்பது கடைக்கு வருகிற யாருக்கும் தெரியும். அதையே சொல்லுங்கள், புரிந்துவிடும்.

சொல்கிற விதம் பற்றிக் கேட்டீர்கள். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் பாதியைக் கண்டுபிடித்துவிட்டார், உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் காத்திருக்கிறார் போலிருக்கிறது. அப்பாவிடம் பேசும்போது அம்மா உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். ஆனால் உங்களுக்குப் பதிலாக அவரைப் பேச விடாதீர்கள். அம்மா வழியாகச் செய்தி போனால், 'என்கிட்டச் சொல்ல இவளுக்குப் பயமா' என்கிற வருத்தம் அப்பாவுக்குத் தனியாகச் சேரும். கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட்ட பிறகு ஆரம்பியுங்கள். நீளமாகப் பேச வேண்டாம், இப்படிச் சொன்னால் போதும்: "அப்பா, நான் குவாலிஃபை ஆனது நிஜம். ஆனா நான் ஆசைப்பட்ட காலேஜுக்கு இந்த ஸ்கோர் பத்தாது. வேற நல்ல காலேஜ் கிடைக்கலாம், மாசாமாசம் உதவித்தொகையும் வரலாம். எனக்கு இதுல ரொம்ப வருத்தம், உங்ககிட்டச் சொல்ல முடியாம இருந்தேன். கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் ஐஐடின்னு சொல்லாதீங்க."

அவர் கோபப்படலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போகலாம். அதையும் எதிர்பார்த்தே உட்காருங்கள். கடையில் சொன்னதைத் திருத்திச் சொல்கிற சங்கடம் அவருடையது, அதையும் நீங்கள் சுமக்க வேண்டாம். இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களைச் சமாளித்தவருக்கு இதைச் சமாளிக்கவும் தெரியும். தெருவைப் பற்றியும் கவலை வேண்டாம். லட்டு சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தத் தேர்வுக்குக் கொடுத்தது என்று ஞாபகம் இருக்கப்போகிறது?

எனக்கு நிஜமாகவே கவலை தருவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஸ்கோர் கார்டு சமாசாரம். இணையதளத்தைத் திறக்கப் போகிறீர்கள், வயிறு பிசைகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடுகிறீர்கள். மூடியதும் ஒரு நிம்மதி வருகிறது இல்லையா? அந்த நிம்மதிதான் ஆபத்து. ஒவ்வொரு முறை அது கிடைக்கும்போதும், திறக்காமல் இருப்பதே நல்லது என்று மூளை பழகிக்கொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. இந்தப் பயம் காத்திருந்தால் போகாது, செய்தால்தான் குறையும். அதற்குள் தேதிகள் போய்விடும். ஐஐடிகள் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன, அவற்றில் சில ஏற்கெனவே முடிந்திருக்கும். என்ஐடிகளுக்கான சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வுக்குப் பதிவு வழக்கமாக மே மாத வாக்கில் வரும். நம் பக்கம் காரைக்காலில் இருக்கிற புதுச்சேரி என்ஐடியும் அதில்தான் வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்கா கலந்தாய்வு இருக்கிறது, கேட் ஸ்கோரை அதிலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக இன்றைக்கு ஒரே வேலைதான். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார்டை டவுன்லோடு செய்யுங்கள். அதை உட்கார்ந்து படிக்க வேண்டாம், ஃபோல்டரில் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.

ராத்திரிக் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வேண்டிய மட்டும் கவலைப்படுங்கள், எழுதுங்கள், அழுங்கள். படுத்த பிறகு கேள்வி வந்தால் 'நாளைக்குச் சாயங்காலம்' என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் கேட்காது. போகப் போகக் கேட்கும். தூக்கம் சரியான பிறகு, ஒருநாள் பகலில், உங்கள் விடைப்பதிவையும் விடைக்குறிப்பையும் எடுத்து ஒரே ஒரு முறை சரிபாருங்கள். எவை உண்மையிலேயே தெரியாதவை, எவை தெரிந்தும் தவறியவை, எவை கடைசி அரை மணியில் தட்டியவை என்று பிரியுங்கள். ஒரு விடை மட்டும் சரியாக இருக்கும் கேள்விகளில், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கேள்வி என்றால் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நடுக்கத்தில் எவ்வளவு போனது என்று எண்ணாகப் பார்த்துவிட்டால், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று ராத்திரி கேட்கிற குரல் தானாகக் கொஞ்சம் இறங்கும். பாடமே வரவில்லை என்று தெரிந்தாலும் அதுவும் தகவல்தான், மறுபடி எழுதுவதா என்ற கேள்விக்கு அது வேண்டும்.

அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் வாங்காதீர்கள். ஒரு சந்தேகத்தை மட்டும் கிளப்புகிறேன். உங்களுக்கு வேண்டியது ஐஐடியா, எலெக்ட்ரிகலில் எம்.டெக்கா? கடையில் உட்கார்ந்து வந்த ஆசையைப் பற்றி எழுதும்போது கல்லூரிப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. ஸ்கோரைச் சொன்ன பிறகுதான் ஐஐடி வருகிறது. படிப்புதான் வேண்டும் என்றால், இந்த ஸ்கோரில் கிடைக்கிற கல்லூரிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஐஐடிதான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் அதிலும் தப்பில்லை. ஸ்கோர் மூன்று வருஷம் செல்வதால் இந்த 412 அப்படியே கையில் இருக்கும், அடுத்த முறை கூடுதலாக வந்தால் அதைக் காட்டலாம். ஆனால் இன்னொரு வருஷம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் படிக்க வேண்டாம். ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு படியுங்கள், பகுதிநேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

தோழியின் குரூப் மியூட்டிலேயே இருக்கட்டும், அவளுக்கு மட்டும் தனியாக ஒரு வாழ்த்து அனுப்பிவிடுங்கள். அடுத்த தேர்வுக்கான பதிவு வழக்கமாக ஆகஸ்ட் கடைசி வாக்கில்தான் திறக்கும். கலந்தாய்வில் என்ன கிடைக்கிறது என்று தெரிகிற வரைக்கும் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள். சீக்கிரம் சேர்ந்தால் தள்ளுபடி என்று போன் வந்தாலும் கட்டாதீர்கள்.