மேல்முதுகு வலி: ரோடு சைக்கிள்காரர்கள் கேட்டவை

பதில் சொல்பவர் ஈரோட்டில் பிசியோதெரபிஸ்ட். ரோடு சைக்கிளும் ஓட்டுபவர்.

திருப்பூர்: ஒரு மணி நேரம் ஓட்டினாலே ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல எரியுதுங்க. பகல் பூரா ஓவர்லாக் மிஷின்ல உக்கார்ற ஆளு. முதுகுல பலம் பத்தலையா டாக்டர்?

அண்ணான்னே கூப்பிடுங்க. பலத்தை அப்புறம் பார்ப்போம், முதல்ல முழங்கை. பத்து நிமிஷம் ஓட்டின பிறகு கூட வர்றவரைப் பக்கவாட்டுல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. போட்டோ வேணாம், கேமராவைக் கண்டதும் எல்லாரும் நிமிர்ந்துக்குவாங்க. கை விறைப்பா நீண்டிருக்கா? தோள் காதுகிட்ட ஏறியிருக்கா? அப்படின்னா ஹூட், அதான் பிரேக் லிவர் மேல கை வைக்கற ரப்பர் பிடி, உங்களுக்கு எட்டலைங்க. எட்டிப் பிடிக்கறப்ப தோள்பட்டை எலும்பு முன்னால போகும். அதைப் பின்னால பிடிச்சு வைக்கற தசை, ரைடு முடியற வரைக்கும் இழுபட்டபடியே வேலை செய்யும். ரோட்டுக் குலுக்கலும் மடங்காத கை வழியா நேரா அங்கதான் இறங்கும். எரிச்சல் அதுதான்.

முதல்ல சீட் உயரம். பெடல் அடிமட்டத்துல இருக்கறப்ப முழங்கால் 25-லிருந்து 35 டிகிரி மடங்கியிருக்கணும். சீட் மூக்கு கீழ சாய்ஞ்சிருந்தா மட்டம் பண்ணுங்க. சாய்ஞ்ச சீட் ஆளை முன்னால வழுக்க விட்டு எடையைக் கை மேல போட்டுடும். அப்புறம் ஸ்டெம்முக்கு (ஹேண்டிலை வண்டியோட சேர்க்கற துண்டு) மேல ஸ்பேசர் வளையம் கிடந்தா கீழ மாத்தி ஹேண்டிலை உயர்த்துங்க. அதுலயும் தீரலைன்னா 100 மில்லிமீட்டர் ஸ்டெம்முக்கு 90 போடுங்க. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். எல்லாத்தையும் ஒண்ணாத் திருகினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

ஹேண்டில் எட்டலைன்னு சீட்டை முன்னாடி தள்ளாதீங்க. சீட் இருக்கற இடம் காலுக்காக. கைக்காகத் தள்ளினா முழங்கால் கேள்வியோட திரும்பி வருவீங்க.

மிஷின்ல குனிஞ்சே இருக்கறதால உங்க மேல்முதுகு பின்னால வளைய மறந்திருக்கும். துண்டைச் சுருட்டித் தோள்பட்டைக்கு அடியில குறுக்கா வெச்சு, தலையைத் தாங்கிட்டு மல்லாந்து படுங்க. தினமும் ரெண்டு நிமிஷம் போதும்.

சத்தி: திம்பம் ஏறறப்ப வலியில்லைங்க. இறங்கறப்பதான் கழுத்தடி பிடிச்சுக்குது.

ஏறறப்ப நிமிர்ந்து ஹேண்டில் மேல்பக்கத்தைப் பிடிப்பீங்க. இறங்கறப்ப டிராப்ல, அதான் ஹேண்டிலோட கீழ் வளைவுல குனிஞ்சு, தலையை மட்டும் தூக்கி, 27 கொண்டை ஊசியும் பிரேக்கை நசுக்கிட்டே வருவீங்க. பிரேக் லிவர் விரலுக்கு எட்டற மாதிரி அதுல இருக்கற சின்ன ஸ்குரூவைத் திருகி வையுங்க. ஹெல்மெட்டோ வேர்வையில வழுக்கற கண்ணாடியோ பார்வையை மறைக்குதான்னும் பாருங்க. மறைச்சா தாடை தானா மேல போகும்.

பல்லடம்: சீட்டை முன்னாடி தள்ளினா சரியாகுமா?

முதல் பதிலைப் படிங்க.

கோவை: ஹேண்டிலை ஏத்தினா காத்துல அடி வாங்குவோமே? ரேஸ்காரங்க ஸ்பேசரே இல்லாமதான ஓட்டறாங்க?

காத்து விஷயம் உண்மைதான். சமதரையில 30 கிலோமீட்டர் வேகத்துல உங்க உழைப்புல பெரும்பங்கு காத்துக்கே போயிடும். ஆனா காத்துல நிக்கறது ஹேண்டில் இல்லைங்க, உங்க நெஞ்சு. உயரமான ஹேண்டில்ல முழங்கையை மடிச்சு, முன்கையைத் தரைக்குச் சமமா வெச்சா நெஞ்சு தானா தாழும். தாழ்ந்த ஹேண்டில்ல வலி தாங்காம கையை நீட்டிட்டீங்கன்னா, இறக்கினதுக்கு என்ன பலன்? ரேஸ்காரருக்கு வேலையே அது. உங்களுக்கு ஞாயித்துக்கிழமை.

அதே கோவை: ஆடியில உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வந்திருக்கீங்களா? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மூஞ்சியில அடிக்கறப்ப ஸ்பேசர் பேசுங்க பார்ப்போம்!

வந்திருக்கேன். காத்தாடி சுத்தற ஊர்ல எதிர்காத்துல டிராப்லயே கிடக்கணும். அதுக்குத்தான் சொல்றேன், டிராப் உங்களால ஒரு மணி நேரம் தங்கற உயரத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் கேளுங்க: அழகுக்காக, ஸ்டெம்மும் ஸ்பேசரும் மாட்டற ஸ்டீரர் குழாயை வெட்டிடாதீங்க. வெட்டினது வெட்டினதுதான்.

கோபி: எங்கப்பாரு பால்கேன் கட்டிட்டு ஆயுசுக்கும் சைக்கிள் மிதிச்சாரு. முதுகு வலின்னு சொன்னதே இல்லை.

அவரு வண்டியில ஹேண்டில் சீட்டை விட உசரங்க. கோவைக்காரருக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.

ஈரோடு: சுண்டு விரல் மரத்துப் போகுது.

உள்ளங்கை ஓரத்துல நரம்பு அழுந்துது. கையை அடிக்கடி இடம் மாத்துங்க. கழுத்துலருந்து கைக்கு மின்னல் ஓடினாலோ, பிடி நழுவினாலோ டாக்டரைப் பாருங்க. மேல்முதுகு வலியோட நெஞ்சழுத்தம், வேர்வை, மூச்சுத்திணறல் இருந்தா அது சைக்கிள் சமாச்சாரமே இல்லை. 108-ஐக் கூப்பிடுங்க.

சேலம்: 600 கிலோமீட்டர் பிரவே (நேரக்கெடு வெச்ச நெடுந்தூர ரைடு) போறேன். கழுத்து தாங்குமா?

40 மணி நேரம் தலையைத் தூக்கிட்டே இருக்கற வேலை. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கற ரேஸ்ல 1983-ல மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசை கைவிட்டுத் தலையே நிக்கலை. அந்தக் கோளாறுக்கு இன்னிக்கும் அவர் பேருதான். முதல்ல 300, 400 முடிங்க. ராத்திரிக்கு எடை குறைஞ்ச ஹெட்லைட். கழுத்து தளர ஆரம்பிச்சா இறங்கிடுங்க.

கோவை: ஞாயிறு பல்லடம் ரோட்டுக்கு வாங்க, யார் ஹேண்டில் சரின்னு பார்த்துடலாம்.

வர்றேன். அஞ்சரைக்கே கிளம்பணும், காத்து ஏறுறதுக்கு முன்னால. வீடியோ எடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க.