அப்போஸ்தலர் இன்றும் உண்டா?

கேள்வி: ஐயா, எங்கள் சபைத் தலைவர் தம்மை ‘அப்போஸ்தலர்’ என்றே அழைக்கச் சொல்கிறார். எபேசியர் 4:11-13ஐக் காட்டி, சபை பூரணமாகும்வரை அப்போஸ்தலர் இருப்பார்கள் என்கிறார். அவர் சொல்வதைக் கேள்வி கேட்கவும் கூடாதாம். இது சரியா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, அவர் காட்டும் வசனத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. வாலிப வயதில் நானும் அதை வைத்து அவரைப் போலவே வாதாடியவன். என் எண்ணத்தை மாற்றியது அதே நிருபத்தின் 2:20. அங்கே அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் அஸ்திபாரம். அஸ்திபாரத்தை மாடிக்கு மாடி போடுவதில்லையே!

அப்போஸ்தலர் நடபடிகளையும் பாருங்கள். யூதாசின் இடத்துக்கு, இயேசுவோடு ஆரம்பம் முதல் நடந்து, அவர் உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒருவரைத்தான் பேதுரு கேட்டார். அப்படித்தான் மத்தியா வந்தார். ஆனால் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவரான யாக்கோபை வாளால் கொன்றபோது, அவர் இடத்துக்கு யாரும் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஒரு வரி இல்லை. பவுலும் ‘நான் கர்த்தரைக் கண்டேனே’ என்றுதான் தம் அழைப்புக்காக வாதாடுகிறார். அந்தத் தரிசனம் பெற்றவர்களில் தம்மைக் கடைசியாக வைக்கிறார். கத்தோலிக்கர் ஆயர்களைத் திருத்தூதர்களின் (அப்போஸ்தலரை அவர்கள் அழைக்கும் பெயர்) வழித்தோன்றல்கள் என்கிறார்கள். அவர்கள்கூட ஆயரைத் திருத்தூதர் என்று அழைப்பதில்லை.

சரி, அந்தச் சொல் வேறு யாருக்கும் வரவே இல்லையா? வருகிறது. பிலிப்பியர் 2:25இல் எப்பாப்பிரோதீத்துவை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஸ்தானாபதி’ என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பதும் ‘அப்போஸ்தலர்’ என்ற அதே சொல்தான்: அனுப்பப்பட்டவர். சிறையிலிருந்த பவுலுக்குச் சபையின் உதவியைக் கொண்டுபோய், நோய்ப்பட்டுச் சாவின் விளிம்புவரை போனவர் அவர். இதைக் கிரேக்கத்தில் முதன்முதலாக வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பொருளில், சுவிசேஷம் எட்டாத இடத்துக்குச் சபை அனுப்புகிற ஊழியர் இன்றும் உண்டு. ஆனால் கீழ்ப்படியச் சொல்லி அதிகாரம் செய்யும் பதவி அல்ல அது.

ஆதிச் சபையின் கையேடான ‘டிடாக்கே’ சொல்வதையும் கேளுங்கள். அப்போஸ்தலர் என்று வருபவர் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம். மூன்று நாள் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி.

கேள்வி கேட்கக்கூடாது என்கிறாரா? அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்ததற்காகத்தான் வெளிப்படுத்தல் 2:2இல் ஆண்டவர் எபேசு சபையைப் பாராட்டுகிறார். அந்த வசனத்தைத் திறந்து மரியாதையாக அவரிடமே விளக்கம் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறேன்.