டெங்கு ஆன்டிபாடி ஜிகாவையும் பிடிப்பது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: டெங்கு வந்து குணமானவரின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஜிகா எலைசாவிலும், அதாவது குழிகளில் வரும் நிறத்தைக் கொண்டு ஆன்டிபாடியைக் கண்டறியும் சோதனையிலும், பாசிட்டிவ் காட்டுகிறது. கிட் சரியில்லையா?

பதில்: கிட்டின் மேல் பழி போடாதீர்கள். இரண்டுமே ஃப்ளாவி வைரஸ்கள். இரண்டின் மேலுறையிலும் ஈ புரதம் இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதியின் நுனியில் உள்ள ஃப்யூஷன் லூப், இந்தக் குடும்பம் முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வைரஸ் செல்லின் சவ்வோடு இணைய அந்த வளையம் தேவை என்பதால் அதில் எளிதில் மாற்றம் நேர்வதில்லை. டெங்கு 2 வைரஸைக் கொண்டு எலியில் உருவாக்கிய 4ஜி2 ஆன்டிபாடி, ஜிகாவையும் மேற்கு நைல் வைரஸையும் பிடிப்பது இதனால்தான்.

கேள்வி: இரண்டு பிளேட்டிலும் ஒரே அளவு நிறம் வந்தால், இரண்டையும் ஒரே வலுவோடு பிடிக்கிறது என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள்! ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். குழியில் ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி பிடிக்கும் வைரஸ் புரதம், நெருக்கமாகப் பூசப்பட்டிருந்தால், ஒரு கை நழுவினாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். தளர்ந்த பிடிப்பும் வலுவாகத் தெரியும். உண்மையான வலு வேண்டுமென்றால் ஒற்றைக் கையை, அதாவது ஃபேப் துண்டைத் தனியே எடுத்து, அது ஆன்டிஜெனில் ஒட்டும் வேகத்தையும் கழன்றுபோகும் வேகத்தையும் அளக்க வேண்டும்.

அதை அளக்கும் கருவி இல்லையா? சீரத்தை டெங்கு ஆன்டிஜெனோடு முதலில் கலந்து வைத்து, பிறகு ஜிகா பூசிய குழியில் விடுங்கள். டெங்கு ஆன்டிஜென் போதிய அளவு இருந்தும் மஞ்சள் நிறம் குறையாமல் நின்றால், ஜிகாவுக்கே உரிய ஆன்டிபாடிகள் இருக்கின்றன. நிறம் அடியோடு போனால், அங்கே ஒட்டியவை இரண்டுக்கும் பொதுவானவை. ஆன்டிஜென் கலக்காத சீரத்தையும் பக்கத்துக் குழியில் கட்டாயம் வையுங்கள்.

கேள்வி: பிடித்துவிட்டால் வைரஸ் செயலிழந்துவிடும் அல்லவா?

பதில்: இல்லை. என்னிடம் வரும் அறிக்கைகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். முதிர்ந்த வைரஸில் ஃப்யூஷன் லூப் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறது. அரைகுறையாகப் பிடித்த ஆன்டிபாடி, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பி வழியாக வைரஸைச் செல்லுக்குள்ளேயே கொண்டு சேர்க்கலாம். அந்த ஏற்பி உள்ள கே562 என்ற மனித ரத்தப் புற்றுநோய் செல்களில் சோதித்தால் கண்கூடாகத் தெரியும்: சீரம் அடர்த்தியாக இருக்கும்போது தொற்று அடங்குகிறது, நீர்க்க நீர்க்க ஓரிடத்தில் தொற்று உச்சத்துக்கு ஏறுகிறது, அதற்கும் கீழே மறுபடி இறங்குகிறது. ஆகவே எலைசாவோடு நிறுத்தாமல், வீரோ செல்களில் (குரங்கின் சிறுநீரக செல்கள்) பிளேக் குறைப்புச் சோதனையும், அதாவது சீரம் தொற்றை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனையும், செய்யுங்கள்.

கேள்வி: இப்படி ஒரு வைரஸின் ஆன்டிபாடி இன்னொன்றையும் பிடிக்கும் குறுக்கு வினையைக் குறைக்க எந்த ஆன்டிஜெனைப் பூசலாம்?

பதில்: முழு ஈ புரதத்துக்குப் பதில் அதன் மூன்றாம் பகுதியைப் பூசுங்கள். வைரஸுக்கு வைரஸ் வேறுபடும் இடங்கள் அங்கே அதிகம்.