அந்தத் தனிக் குடம்

கேள்வி: எனக்கு வயது 31. வியாசர்பாடியில் பைக் மெக்கானிக். சென்னையின் எஃப்சி ஃபுட்பால் கிளப் 2014-ல் தொடங்கியதிலிருந்தே நான் அதன் வெறியன். என் ஜெர்சியின் முதுகில் அதில் ஆடிய மெண்டோசா பெயர்தான் இருக்கிறது. 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலுக்கு அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே பெங்களூரு போய் வந்தவன். 2022-ல் எங்களுக்கு முன்பு ஆடிய வால்ஸ்கிஸ் திரும்பி வந்தபோது வீட்டு ஆள் வந்த மாதிரி இருந்தது. 2023-ல் எங்கள் கேப்டன் அனிருத் தாபா மோகன் பகான் அணிக்குப் போனதும் துரோகி என்று சொல்லி போனிலிருந்து அவர் படத்தை அழித்தேன். அப்பா இல்லை. தம்பிக்கு ஸ்டட் ஷூ முதற்கொண்டு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு இப்போது 19. சென்னையில் இரண்டு இடங்களில் செலக்‌ஷனுக்குப் போனான், கிடைக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் பெங்களூரு எஃப்சியின் ரிசர்வ் அணியில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. அவன் அனுப்பிய முதல் பணத்தில் அம்மா ஃப்ரிட்ஜ் வாங்கினார். நான் அதைத் தொடுவதில்லை. எனக்கு மட்டும் ஒரு குடத்தில் தனியாகத் தண்ணீர் வைத்துவிடுகிறார், அதனால் வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஊர் விசுவாசம் இல்லாதவனை எப்படி ஏற்றுக்கொள்வது?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யார் வந்தார், யார் போனார், எந்த ஊர் எதிரி என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் குடத்தைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் விடுவதாக இல்லை.

தினமும் அந்தக் குடத்தைத் தேய்ப்பது யார்? நிரப்பி, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது யார்? அப்புறம், ஃப்ரிட்ஜ் வந்த பிறகு உங்கள் வீட்டில் இட்லி மாவு எங்கே இருக்கிறது? எட்டு மாதமாக நீங்கள் இட்லியே சாப்பிடாமல் இருந்திருக்க முடியாது. உங்களுக்கென்று தனியாக மாவு கரைத்து வெளியில் வைத்து, அது புளிப்பதற்குள் தீர்க்கப் படாதபாடு படுகிறாரா? இல்லை, ஃப்ரிட்ஜ் மாவையே சத்தமில்லாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மகனிடம் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று உள்ளுக்குள் குமைகிறாரா? இரண்டில் எதுவானாலும் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள். சண்டை ஒன்றும் இல்லை என்கிறீர்கள். ஒரு மனுஷி தன் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அடுப்படியில் நின்று அந்தச் சண்டையைத் தினம் தினம் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனிக் குவளை, தனிப் பானை என்றால் நம் ஊரில் என்ன என்று வியாசர்பாடியில் பிறந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம் பெரியவர்கள் அதை ஒழிக்க அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். நீங்கள் ஒரு ஃபுட்பால் கிளப்புக்காக அதை உங்கள் வீட்டு அடுப்படிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அதுவும் பெற்ற தாயின் கையாலேயே.

விசுவாசம் என்கிறீர்கள். சரி, அதையும் பேசுவோம். உங்கள் முதுகில் இருக்கும் மெண்டோசா கொலம்பியாக்காரர். 2015-ல் 13 கோல் போட்டு அந்த சீசனின் அதிக கோல் அடித்தவராக வந்தாரே, அப்போது அவர் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பின் ஆள். நமக்கு அவர் இரவல். கோவாவில் நடந்த ஃபைனலில் கடைசி நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்தோம். எதிரணி கோல்கீப்பர் கை பட்டு ஒரு கோல், அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா ஒரு கோல். நீங்கள் அன்று டிவி முன்னால் யாரைக் கட்டிப்பிடித்தீர்கள்? உங்கள் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது இருந்திருக்கும். அவனைத்தான் தூக்கியிருப்பீர்கள்.

அந்த ஃபைனலுக்கு எட்டு நாள் முன்பு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். டிசம்பர் வெள்ளத்தில் நம் ஊர் மூழ்கிக் கிடந்தது. வடசென்னையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் நேரில் பார்த்தேன். கொல்கத்தாவுக்கு எதிரான செமி ஃபைனலை சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்கு மாற்றினார்கள். நம் அணி அங்கே போய் அதையே சொந்த மைதானமாக நினைத்து ஆடி 3-0 என்று ஜெயித்தது. ஊர் தண்ணீரில் தத்தளிக்கும்போது புனேவுக்கு ஓடிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்களா? இங்கே ஆட இடமில்லை, இடம் கிடைத்த ஊரில் ஆடினார்கள். உங்கள் தம்பி செய்ததும் அதையேதான். சென்னையில் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. 19 வயதுப் பையன் உங்கள் ஜெர்சிக்கு மரியாதை செய்வதற்காக ஷூவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

வால்ஸ்கிஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. 2019-20-ல் 15 கோல் போட்டார். அந்த சீசன் முடிந்ததும் கோச் ஓவன் காயிலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். நமக்கு எதிராக ஆடினார். 2022 ஜனவரியில் திரும்பி வந்தார். வீட்டு ஆள் வந்த மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். லித்துவேனியாவில் பிறந்தவர் சம்பளத்துக்காகப் போய்விட்டு வந்தால் வீட்டு ஆள். உங்கள் அம்மா பெற்ற பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால் அவனை எப்படி ஏற்றுக்கொள்வது என்று எனக்குக் கடிதம்.

தாபாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேராடூன் பையன். 2016-ல் சின்ன வயதில் இங்கே வந்து ஏழு சீசன் ஆடி, கேப்டனாகி, அப்புறம்தான் போனார். மோகன் பகானில் அவருக்குக் கோப்பைகள் கிடைத்தன. நன்றி சொல்லி அனுப்ப வேண்டிய ஆளை நீங்கள் வைதிருக்கிறீர்கள். அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தம்பிக்குத் தெரியும்.

உங்கள் பேட்டைக்காரர் தன்பால் கணேஷை மறந்துவிட்டீர்களா? வியாசர்பாடி மண்ணில் பந்து உதைத்து வளர்ந்தவர். முதலில் புனே அணிக்கு ஆடினார், அப்புறம்தான் சென்னைக்கு வந்தார். 2018 செமி ஃபைனலில் கோவாவை 3-0 என்று சாய்த்தோமே, அதில் ஒரு கோல் அவருடையது. அந்த வெற்றி இல்லையென்றால் நீங்கள் நின்றுகொண்டே ரயிலில் போன அந்த ஃபைனலே இல்லை. வெளியூர் போய் ஆடக் கூடாது என்று அவர் வீட்டில் யாராவது தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஃபுட்பாலை நம்பிப் பிழைப்பது நம் நாட்டில் எவ்வளவு நிச்சயமில்லாத வேலை என்று உங்களுக்கே தெரியும். 2025 ஜூலையில் லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்துக்கொண்டே போய், ஐஎஸ்எல் சீசனையே நிறுத்திவைத்தார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே சம்பளம் வருமா வராதா என்று உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலில் ஒரு சின்ன ஜவ்வு கிழிந்தால் போதும், இரண்டு வருடம் போய்விடும். இப்படிப்பட்ட வேலையில் கிடைத்த முதல் காசை அந்தப் பையன் போனுக்கோ பைக்குக்கோ செலவு பண்ணவில்லை. அம்மாவுக்கு அனுப்பினான். அவனை இப்படி வளர்த்தது நீங்கள்தான் என்பதையாவது யோசித்தீர்களா? அப்பா இல்லாத வீட்டில் ஷூ வாங்கிக் கொடுத்து, கிரவுண்டுக்குக் கூட்டிப்போய், ஆளாக்கினீர்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்த ஷூவை அவன் எந்த ஊரில் போட்டு ஆட வேண்டும் என்பதையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கிறீர்கள். அப்பா ஸ்தானத்தில் இருப்பவர் கணக்குப் பார்த்துக் கொடுக்க மாட்டார். கொடுத்துவிட்டு, பையன் முன்னேறுகிறானா என்று தூர நின்று பார்ப்பார்.

என் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் ஒரு கட்சிக்காகப் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். பெரியம்மா சாகும்வரை தீபாவளிக்கு இரண்டு முறை சமைத்தார்; காலையில் ஒருவர் வருவார், மாலையில் இன்னொருவர். பெரியம்மாவைத் தூக்கும்போது ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ‘நீ முன்னால் போ’ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். அதற்குள் அவர்கள் இருவருமே அந்தக் கட்சியை விட்டுப் போயிருந்தார்கள். இதேபோல எத்தனையோ கடிதங்கள் எனக்கு வருகின்றன. நடிகருக்காக, சங்கத்துக்காக, இரண்டு சென்ட் நிலத்துக்காக. எழுதுபவர் எல்லோருமே விசுவாசம், மானம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏதோ ஒரு வரியில் அம்மா வந்து போகிறார். உங்கள் கடிதத்திலும் வந்தார், கையில் குடத்தோடு.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உங்கள் தசைதான் பெங்களூருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதத்தில் அவன் எந்த பொசிஷனில் ஆடுகிறான் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெண்டோசா போட்ட கோல் எண்ணிக்கை மட்டும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனதும், அந்தக் குடத்துத் தண்ணீரைத் துளசிக்கோ ரோஜாச் செடிக்கோ ஊற்றிவிட்டு, நீங்களே தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். அம்மா பார்க்கட்டும். பிறகு அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, அவர் எதிரில் உட்கார்ந்து குடியுங்கள். ஏன் என்று அவர் கேட்க மாட்டார், நீங்களும் விளக்க வேண்டாம்.

அப்புறம் தம்பிக்கு போன் போடுங்கள். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை என்றால் பரவாயில்லை. சாப்பாடு எப்படி, கால் வலி இருக்கிறதா, ஷூ தேய்ந்துவிட்டதா, அடுத்த மேட்ச் என்றைக்கு என்று கேளுங்கள். அவன் சொல்லும் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்று கடைக்கு லீவு விட்டு, சென்ட்ரலில் ரயில் ஏறுங்கள். பெங்களூருக்கு வழி உங்களுக்குத் தெரியும், ஒருமுறை நின்றுகொண்டே போனவர்தானே. இந்த முறை அம்மாவும் வருவார், அவருக்கு மட்டுமாவது உட்கார ஒரு சீட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உங்கள் ஜெர்சியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மெண்டோசா பெயரோடு அதையே போட்டுக்கொண்டு போங்கள். அவர்கள் நிறமும் நீலம்தான்.