கணினி கேள்வி-பதில்: காலி இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை!

கேள்வி: என்னிடம் இருப்பது 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். அதை மூன்று பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருந்தேன். முதலாவது நிரம்பிவிட்டதால் மூன்றாவதை அழித்தேன். இப்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 600 ஜிபி கறுப்புப் பட்டையோடு சும்மா கிடக்கிறது. ஆனால் முதல் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் கடைசி ஆளை எழுப்பி அனுப்பிவிட்டீர்கள், ஆனால் கால் நீட்ட ஆசைப்படுவது முதல் ஆள். நடு ஆள் நகர்ந்தால்தானே முடியும்? விண்டோஸ் யாரையும் நகர்த்தாது. ஒரு பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அதற்கு ஒட்டி, அதுவும் வலது பக்கத்தில், காலி இடம் இருக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். சுருக்கும்போதும் வலது ஓரத்திலிருந்துதான் வெட்டும்.

நடுவில் இருப்பதை நகர்த்தித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, லினக்ஸில் ஜிபார்ட்டட் இலவசமாகவே அதைச் செய்யும். ஆனால் 'நகர்த்துவது' என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நடுப் பார்ட்டிஷனில் 700 ஜிபி இருந்தால் அந்த 700 ஜிபியையும் படித்து, அதே டிஸ்கில் வேறு இடத்தில் எழுத வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்தால்கூட படிக்க இரண்டு மணி நேரம், எழுத இரண்டு மணி நேரம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருந்தால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். அத்தனை நேரமும் கேபிள் அசையக்கூடாது, மின்சாரம் போகக்கூடாது, லேப்டாப் தூங்கப் போகக்கூடாது. நான் ஒரு முறை இப்படி ஓட விட்டுவிட்டு எழுந்தபோது கால் கேபிளில் தட்டியது, அவ்வளவுதான், நான்கு வருடப் படங்களில் பாதி போனது. பேக்கப் இல்லையா என்று கேட்காதீர்கள், அந்த டிஸ்க்தான் பேக்கப்.

அதனால் என் சிபாரிசு பழைய பாணி. நடுப் பார்ட்டிஷனில் இருப்பதை வேறு டிஸ்கிலோ கணினியிலோ காப்பி செய்யுங்கள். நான்கைந்து ஃபைல்களையாவது அங்கே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு நடுப் பார்ட்டிஷனை அழியுங்கள், முதலாவதை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள், மிச்சத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் திருப்பிப் போடுங்கள். இதிலும் நேரம் ஆகத்தான் செய்யும், ஆனால் நடுவில் மின்சாரம் போனால் காப்பியை மறுபடி ஆரம்பிப்பீர்கள், அழ மாட்டீர்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில சமயம் காலி இடம் பக்கத்திலேயே இருந்தும் மங்கலாகவே இருக்கும். அந்தக் காலி இடத்தைச் சுற்றிப் பச்சைச் சட்டம் தெரிந்தால் அது, உள்ளே பல பார்ட்டிஷன்களை அடக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பார்ட்டிஷன் விவரங்களைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி (முதன்மைப்) பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. சட்டத்துக்கு உள்ளே இருக்கும் இடத்தை வெளியே இருக்கும் பிரைமரியோடு நேரடியாக ஒட்ட முடியாது. சட்டத்துக்குள் வேறு பார்ட்டிஷன் எதுவும் இல்லையென்றால் சட்டத்தையே அழித்துவிடுங்கள், இடம் கறுப்புப் பட்டையாக மாறும்.

கேள்வி: 1 டிபி டிஸ்கில் 300 ஜிபிதான் டேட்டா இருக்கிறது. ஆனால் சுருக்கப் போனால் 40 ஜிபிக்கு மேல் விடமாட்டேன் என்கிறது. மிச்ச 600 ஜிபி எங்கே போனது?

பதில்: எங்கும் போகவில்லை. டிஸ்கின் கடைசிப் பகுதிக்குப் பக்கத்தில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, விண்டோஸ் அதுவரைதான் வெட்டும். அதற்கு இந்தப் பக்கம் எவ்வளவு காலி இருந்தாலும் கணக்கில் சேராது.

யார் அந்த ஆள் என்று விண்டோஸே சொல்லும், பலருக்கு இது தெரியாது. ஒரு தடவை சுருக்க முயன்றுவிட்டு விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் என்ற பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். வழியை மறித்துக்கொண்டிருக்கும் கடைசி ஃபைலின் பெயர் அதில் இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, அந்த டிரைவுக்கு சிஸ்டம் ரெஸ்டோரை (பழைய நிலைக்குத் திரும்பும் வசதி) யாரோ ஆன் செய்து வைத்திருப்பார்கள், பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுகள் கடைசியில் போய்த் தங்கியிருக்கும். அதை ஆஃப் செய்து பழையவற்றை அழித்தால் சரி. இன்னொன்று, எம்எஃப்டி. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் எழுதி வைக்கும் அட்டவணை அது. டிஸ்க் பல வருடம் புழங்கியதென்றால் துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கும், விண்டோஸ் ஓடும்போது அதைத் தள்ளி வைக்க மாட்டேன் என்கிறது.

அப்போது ஜிபார்ட்டட் கைகொடுக்கும், விண்டோஸுக்கு வெளியே லினக்ஸில் ஓடுவதால் அது எம்எஃப்டியையும் நகர்த்தும். ஆனால் லினக்ஸுக்குப் போவதற்கு முன் விண்டோஸிலேயே அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸுக்குள் டூல்ஸ் போய் ஒரு முறை பிழை சோதனை ஓட்டிவிடுங்கள். அப்புறம் டிஸ்கை 'சேஃப்லி ரிமூவ்' செய்யுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டுக் கணினியை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஜிபார்ட்டட் ஓர் எச்சரிக்கை முக்கோணத்தைக் காட்டிவிட்டு எதையும் செய்ய மறுக்கும். சாவி அல்லது பூட்டுச் சின்னம் தெரிந்தால் அது வேறு விஷயம், டிரைவ் மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது பயன்பாட்டில் இருக்கிறது, அன்மவுன்ட் செய்தால் போதும். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் முதலில் அதை முழுதாக நீக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்து மறுபடி விண்டோஸில் செருகும்போது டிஸ்கைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் பயப்படாதீர்கள், அது வழக்கம்தான். சோதிக்க விடுங்கள்.

கேள்வி: எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும் டிஸ்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சுருக்குவதற்கான 'ஷ்ரிங்க்' வேலையே செய்யவில்லை.

பதில்: செய்யாது. எக்ஸ்ஃபேட்டைச் சுருக்கவோ பெரிதாக்கவோ விண்டோஸுக்குத் தெரியாது, மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியும் ஜிபார்ட்டட்டும்கூடக் கைவிரிக்கும். டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு டிஸ்கைப் புதிதாகப் பிரித்து ஃபார்மேட் செய்வதுதான் வழி. ஃபேட்32-ஐ என்டிஎஃப்எஸ் ஆக மாற்ற விண்டோஸில் ஒரு கட்டளை உண்டு, அதுவும் எக்ஸ்ஃபேட்டுக்குப் பயன்படாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் எக்ஸ்ஃபேட் வைத்திருக்கிறீர்கள் என்றால், பேசாமல் இரண்டு ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குப் பார்ட்டிஷனே தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: அவசரம்! பார்ட்டிஷனைப் பெரிதாக்கும்போது பாதியில் மின்சாரம் போய்விட்டது. இப்போது டிஸ்கைச் செருகினால் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' என்று காட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் எதையும் செய்யாதீர்கள். ஃபார்மேட் வேண்டாம், 'இனிஷியலைஸ்' என்று கேட்டால் அதுவும் வேண்டாம். 'ரா' என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, உள்ளே இருப்பதை விண்டோஸால் அடையாளம் காண முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நீங்களே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் வலது ஓரம் மட்டும் நீண்டுகொண்டிருந்ததா, இல்லை பார்ட்டிஷன் இடம் மாறிக்கொண்டிருந்ததா? ஓரம் மட்டும் என்றால் உங்கள் ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்ற குறிப்புதான் குழம்பியிருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்கைத் துழாவிப் பழைய எல்லையைக் கண்டுபிடித்துக் காட்டும். காட்டியதும் உடனே 'எழுது' என்று கொடுத்துவிடாமல், முதலில் அதிலேயே ஃபைல் பட்டியலைத் திறந்து பார்த்து, வேண்டியவற்றை வேறு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள்.

இடம் மாறும்போது நின்றிருந்தால் கொஞ்சம் கஷ்டம். பாதி டேட்டா புது இடத்தில், பாதி பழைய இடத்தில். இந்த நிலையில் அசல் டிஸ்கில் எந்தப் பரிசோதனையும் செய்யக்கூடாது. அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றை எடுத்து, முழு டிஸ்கையும் அப்படியே இமேஜாக (அச்சு அசல் நகலாக) எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இமேஜில் தேடுங்கள். ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் ஃபைல் பெயர்களைக் காப்பாற்றித் தராது, ஆனால் படங்களையும் ஆவணங்களையும் அவற்றின் தொடக்க அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். ஆயிரக்கணக்கில் எண் பெயரோடு வந்து விழும், உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. உடனே கழற்றிவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: 4 டிபி டிஸ்க் வாங்கிப் பழைய கணினியில் அமைத்தேன். 2 டிபிக்கு மேல் பெரிதாக்க முடியவில்லை, மிச்சம் காலியாகக் காட்டுகிறது ஆனால் தொட விடவில்லை.

பதில்: டிஸ்க் எம்பிஆர் முறையில் அமைந்திருக்கிறது. அதில் செக்டர் (டிஸ்கின் சிறு துண்டு) எண்ணை எழுத 32 பிட்தான் இடம், அதாவது சுமார் 430 கோடி எண்கள், ஒரு செக்டர் 512 பைட், இரண்டையும் பெருக்கினால் விண்டோஸ் கணக்கில் சரியாக 2 டிபி. அதற்கு மேல் எண்ண அதற்கு விரல் இல்லை. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்தால்தான் 'கன்வெர்ட் டு ஜிபிடி' உயிர் பெறும், ஆகவே டேட்டாவை முதலில் வெளியே எடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில எக்ஸ்டர்னல் பெட்டிகள் பழைய கணினிகளை ஏமாற்றுவதற்காகவே ஒரு செக்டரை 4096 பைட் என்று சொல்லிக்கொள்ளும், அப்போது எம்பிஆரிலேயே 2 டிபியைத் தாண்டலாம். பெட்டி கெட்டுப்போய் உள்ளே இருக்கும் டிஸ்கை எடுத்து நேரடியாகக் கணினியில் மாட்டும் நாளில்தான் வினை, எண்கள் எல்லாம் எட்டு மடங்கு பிசகி டிஸ்க் காலி போலத் தெரியும். அதே மாதிரிப் பெட்டியில் திரும்ப வைத்தால் மறுபடி வந்துவிடும்.

கேள்வி: பார்ட்டிஷன் மாற்றிய பிறகு 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. நான் எதையாவது தொலைத்துவிட்டேனா?

பதில்: இல்லை, வாங்கிய அன்றும் 931தான். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

கேள்வி: மேக்கில் பயன்படுத்திய டிஸ்கில் 200 எம்பி அளவுக்கு 'ஈஎஃப்ஐ' என்று ஒரு பார்ட்டிஷன் முன்னால் நிற்கிறது. விண்டோஸில் அழிக்க முடியவில்லை.

பதில்: மேக் ஜிபிடி முறையில் அமைக்கும்போது தானாகப் போடுவது அது, கணினி தொடங்குவதற்கான பகுதி. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைப் பாதுகாப்பதால் மெனு எல்லாம் மங்கியிருக்கும். விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து 'டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைட்' (delete partition override) கொடுத்தால் போய்விடும். 200 எம்பிக்காக இவ்வளவு தேவையா என்றால் எனக்குத் தேவையில்லை என்றுதான் படுகிறது, அதுவும் அது இடது பக்கம் இருப்பதால் கிடைக்கும் இடத்தை விண்டோஸில் உங்கள் பார்ட்டிஷனோடு சேர்க்கவும் முடியாது. அப்படியும் செய்வதென்றால் டிஸ்க்பார்ட்டைத் திறந்ததும் டிஸ்க் பட்டியலில் எண்ணை மட்டும் பார்க்காமல் அளவையும் பாருங்கள். கணினியின் சொந்த டிஸ்கிலும் ஈஎஃப்ஐ என்று ஒன்று இருக்கும், அதை அழித்தால் அடுத்த முறை விண்டோஸ் எழுந்திருக்காது.